அமாவாசையும் அடியில் மாட்டிய கயிறும்

புதிதாகக் கயிறு பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். அமாவாசைக்கு லீவு வேண்டும் என்று இனிமேல் எனக்குப் போன் செய்யாதீர்கள். போன வாரம்கூட விழுப்புரத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னா இப்ப இருக்கிற ஃபோர்மன் கேப்பாரு" என்கிறான். என் வார்த்தையை என் வீட்டு நாயே கேட்பதில்லை. லீவு கொடுக்கும் அதிகாரம் கையில் இருந்த காலத்திலேயே அந்த அமாவாசை எனக்குப் பெரிய ரோதனை. இப்போதும் விடமாட்டேன் என்கிறீர்கள்.

நாம் செய்யும் வேலை என்னவென்று வெளியாட்களுக்குப் புரியவைக்க முடியாது. துறைமுகத்துக்கு வரும் கப்பலைக் கரையோடு கட்டுகிறோம், போகும்போது அவிழ்த்துவிடுகிறோம். அவ்வளவுதான். திண்டிவனத்தில் என் மச்சான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். எப்போது வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சு.

"கயிறு கட்டறதுக்கா உனுக்கு கவர்மெண்டு சம்பளம்? நானும்தான் டெய்லி நாலு மாடு கட்டுறேன். எனுக்கு எவன் குடுக்கிறான்?"

"உம் மாடு தலைய ஆட்டுனா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பேந்துக்கினு வருமா?" என்று கேட்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி அதே மாட்டைக் கொண்டுவந்து கட்டுவார்.

நம் கேங்கில் பாதிப் பேர் திண்டிவனம் பக்கத்து ஆட்கள். ஒருவன் சேர்ந்தான், சித்தப்பா மகனை இழுத்தான், அவன் மச்சினனை இழுத்தான். விடிகாலை பாசஞ்சரில் ஒரு பெட்டியே நம்முடையது. சீசன் டிக்கெட், சீட்டாட்டம், குறட்டை எல்லாம் அதில் அடக்கம். ஃபோர்மனான நானும் திண்டிவனத்துக்காரன் என்பதால் எல்லாருக்கும் ஒரு தெம்பு. "நம்மூரு அண்ணன்தான், பாத்துக்குவாரு." என்னத்தைப் பார்த்துக்கொள்வது? ஊர் ஒன்றாக இருந்தால் கோயிலும் ஒன்றாகத்தான் இருக்கும். மாதம் தவறாமல் அமாவாசை வந்தால் போதும், எல்லாருக்கும் மேல்மலையனூர் போயாக வேண்டும்.

அங்காளம்மன் எனக்கும் சாமிதான். நானும் கூட்டத்தில் மிதிபட்டு அம்மனின் அமாவாசை ஊஞ்சல் பார்த்தவன்தான். ஆனால் அமாவாசையன்றுதான் கடலில் தண்ணீர் மற்ற நாளைவிட மேலே ஏறும், அதே மாதிரி கீழேயும் இறங்கும். கட்டிய கயிறு ஒரு பொழுது தொய்யும், ஒரு பொழுது விறைக்கும். நிறையச் சரக்கேற்றி ஆழமாக அமுங்கி நிற்கும் கப்பல்கள் அந்த உயர்ந்த தண்ணீருக்காகக் காத்திருந்து அன்றைக்குத்தான் கிளம்பும். அதாவது, எந்த நாளில் ஆள் அதிகம் தேவையோ அந்த நாளில் ஆள் இருக்காது. சாமி நாளையும் மாற்ற முடியாது, கடலையும் மாற்ற முடியாது. நடுவில் நின்று மண்டை காய்ந்தவன் நான்.

அதனால் முறை வைத்து லீவு கொடுத்துவந்தேன். இந்த மாதம் பாதிப் பேர், அடுத்த மாதம் மீதிப் பேர். நான் சொல்லப்போகும் அமாவாசைக்கு ஏழுமலையின் முறை இல்லை. ஏழுமலை மயிலம் பக்கத்து ஆள். வேலையில் கெட்டிக்காரன், கை வேகம், வாய் அதைவிட வேகம். அமாவாசைக்கு முதல் நாள் மாலை, ஷிப்ட் முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நிற்கிறான்.

"அண்ணே, நாளிக்கு பாப்பாவுக்கு மொட்ட."

"எந்தப் பாப்பாவுக்கு?"

"எம் பொண்ணுக்குத்தாண்ணே. மேல்மலையனூருல வேண்டுதல். தாய்மாமன் மடியில ஒக்கார வச்சு எடுக்கணும். மச்சான் லீவு முடிஞ்சு நாளிக்கு ராத்திரியே ஃபிளைட்டு ஏறுறான். திரும்பி வர ரெண்டு வருசம் ஆவும்."

"ஒரு மாசமா தெரியும்ல உனுக்கு? இப்ப வந்து சொல்ற?"

"முன்னாடியே சொன்னா முற இல்லன்னு லீவு தரமாட்டீங்கன்னுதாண்ணே சொல்லல."

இதற்கு நான் என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். முன்னாடி சொன்னால் கிடைக்காத லீவு முதல் நாள் சொன்னால் எங்கிருந்து கிடைக்கும்? தலையில் அடித்துக்கொண்டேன். அவனே ஒரு வழியும் சொன்னான். காலையில் ஒரே ஒரு கப்பல்தான் கட்ட வேண்டியிருக்கிறது. அதைக் கட்டிவிட்டு மதிய ரயிலைப் பிடித்தால் போதும். அவன் மனைவி செல்வி பிள்ளையையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். அங்கிருந்து ஸ்பெஷல் பஸ் இருக்கிறது. சரி, கட்டிவிட்டு ஓடு என்றேன். பெண் குழந்தை காரியம், எனக்கும் மனசு கேட்கவில்லை.

காலையில் கப்பல் வந்தது. காலிக் கப்பல், கரைக்கு மேலே வீடு மாதிரி உயர்ந்து நின்றது. அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கப்பல் சரக்கு ஏற்றி முடித்துக் கட்டிக் கிடந்தது. அது இரவுதான் கிளம்புவதாக இருந்தது. முன்கப்பலின் பின்பக்கக் கயிறும் காலிக் கப்பலின் முன்பக்கக் கயிறும் ஒரே பொல்லார்டில் மாட்ட வேண்டிய நிலை. பொல்லார்டு என்றால் கரையில் ஊன்றியிருக்கும் அந்தக் குட்டை இரும்புத் தூண். கயிற்று நுனியில் இருக்கும் கண்ணியை அதன் தலையில் மாட்டுகிறோம்.

ஒரே பொல்லார்டில் இரண்டாவது கயிறு வந்தால் அப்படியே மேலே போடக்கூடாது. முதல் கண்ணிக்குள் அடிவழியாக நுழைத்து மேலே எடுத்துப் பிறகுதான் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் எந்தக் கப்பல் முதலில் கிளம்பினாலும் அதன் கயிறு தனியாகக் கழன்று வரும். செய்யாவிட்டால், மேலே கிடப்பது எழுந்திருக்கும்வரை கீழே கிடப்பது எழுந்திருக்க முடியாது. இதை முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

நான் காலிக் கப்பலின் பின்பக்கம் நின்றேன். என்னோடு காதர் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். முன்பக்கம் ஏழுமலையும், லீவில் போனவர்களுக்குப் பதிலாக வேறு செக்‌ஷனிலிருந்து வாங்கிய இரண்டு பேரும். அந்த இரண்டு பேருக்கும் கயிறு என்றால் துணி காயப்போடுவது மட்டும்தான் தெரியும்.

வாக்கிடாக்கியில் கேட்டேன். "ஏழுமல, உள்ள நுழைச்சு மாட்டியாச்சா?"

"ஆச்சுண்ணே, ஆச்சு."

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் ஒரு தடவை 'ஆச்சு' என்றால் ஆகியிருக்கும். இரண்டு தடவை சொன்னால் ஆகவில்லை என்று அர்த்தம்.

கட்டி முடித்தோம். ஏழுமலை சட்டை மாற்றக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கன்ட்ரோல் ரூமிலிருந்து உத்தரவு வந்தது. காற்றே இல்லை, ஆனால் வெளிக்கடலிலிருந்து அலை துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பல்களை முன்னும் பின்னும் அசைக்க ஆரம்பித்திருந்தது. இரவுக்குள் அது கூடும் என்பதால் சரக்கேற்றிய கப்பல் இப்போதே, இந்த மதியத் தண்ணீர் ஏற்றத்திலேயே கிளம்ப வேண்டும்.

ஏழுமலை முகம் செத்துவிட்டது. "அண்ணே, அது ராத்திரி கப்பல்ணே!"

"இப்ப பகல் கப்பல் ஆயிட்ச்சு. நாலஞ்சு கயிறுதான். அவுத்துட்டு ஓடிடு, வண்டி கெடைக்கும்."

அவன் முகம் செத்ததற்கு ரயில் மட்டும் காரணமில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அவன் போனில் பேசுவது மட்டும் காதில் விழுந்தது. "இதோ கெளம்பிட்டேன் செல்வி. ஸ்டேஷனுக்குத்தான் போய்க்கினு இருக்கேன்." கையில் கையுறை, காலடியில் கயிறு. ஸ்டேஷனாம்.

கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும் பைலட் மேலே ஏறினார். இழுவைப் படகுகள் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு கயிறாகக் கழற்றிவிட்டோம். முன்பக்கம் எல்லாம் போயிற்று, நடுவில் போயிற்று. கடைசியாகப் பின்பக்கக் கயிறு ஒன்று மட்டும் நின்றது. பைலட் "விடு" என்றார். கயிறு போகவில்லை. மறுபடி "விடு" என்றார். நானும் காதர் பாயும் ஓடினோம்.

போய்ப் பார்த்தால், காலிக் கப்பலின் கயிறு சும்மா மேலே மாட்டப்பட்டுக் கிடக்கிறது. அதன் அடியில் நசுங்கிக் கிடக்கிறது நாம் கழற்ற வேண்டிய கயிறு.

"இன்னாடா இது?"

ஏழுமலை வானத்தைப் பார்த்தான். "இவனுங்க ரெண்டு பேரும் தூக்கல்லணே. கீழ இருந்தது இறுகிக்கினு இருந்திச்சு. எப்படியும் ராத்திரிதான போவப்போவுது, அடுத்த கேங்கு பாத்துக்கும்னு..."

அடுத்த கேங்கு! இந்த நாட்டில் எத்தனை வேலை அடுத்த கேங்கின் தலையில் கிடக்கிறது தெரியுமா? இவன் அதிர்ஷ்டம், அடுத்த கேங்காக இவனே வந்து நின்றான்.

வாக்கிடாக்கியில் பைலட் கத்தினார். "ஃபோர்மன்! என்னய்யா பண்றீங்க அங்க? தண்ணி இறங்க ஆரம்பிச்சுடும். கப்பல் தரை தட்டினா நீ வந்து தள்ளுவியா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். அத்தனை ஆழத்தில் இருக்கும் கப்பல் ஏற்றம் முடிவதற்குள் வெளியே போயாக வேண்டும். கப்பல்காரர்களே கயிற்றை வெட்டிவிட்டுப் போகலாம் என்றால், அறுந்த நுனி நேராகக் கப்பலைத் தள்ளும் பின்பக்கச் சுழலியில்தான் போய்ச் சுற்றிக்கொள்ளும். அது இன்னொரு தலைவலி.

இதற்குள் ஏழுமலை ஒரு கடப்பாரையோடு பொல்லார்டு பக்கத்தில் நிற்கிறான்.

"அண்ணே, இங்க பாரு. அல தள்ளும்போது மேல இருக்கிற கயிறு ஒரு மூச்சு நேரம் தொய்யுது. அந்த கேப்புல நெம்பித் தூக்கிட்டு, கீழ இருக்கிறத உருவி உட்டுடறேன். வேல முடிஞ்சிச்சு."

அவன் சொன்னது பொய்யில்லை. கயிறு தொய்யத்தான் செய்தது. தொய்ந்து தரையில் படுத்தது. அடுத்த மூச்சில் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டு இரும்புக் கம்பி மாதிரி விறைத்தது. இப்படி இடைவெளி பார்த்து உருவுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நிறையப் பேருக்கு அது சரியாக வந்திருக்கிறது. அதுதான் அதில் உள்ள விஷம்.

காதர் பாய் அவன் தோளைப் பிடித்தார். "ஜல்தி பண்ணாத ஏழுமல. நான் இருந்த எடத்துலயும் ஒருத்தன் இப்படித்தான் கேப்பு பாத்தான். இப்ப எடது கையாலதான் சோறு துன்றான்."

"எனுக்கு அப்படி ஆவாது பாய்."

"அவனும் இத்தத்தான் சொன்னான்."

ஏழுமலை தோளை உதறிக்கொண்டு கடப்பாரையைக் கண்ணிக்கு அடியில் கொடுத்தான். "வேணாம்டா!" என்று கத்தினேன். "ஒரே நிமிசம்ணே, வண்டி போயிடும்ணே" என்கிறான். அவன் கண்ணில் கயிறு இல்லை, பொல்லார்டு இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுதான் இருந்தது.

அலை தள்ளிக் கயிறு தொய்ந்த நேரத்தில் கடப்பாரையை அவன் கையிலிருந்து பிடுங்கி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீரில் வீசினேன். அப்போதும் அடங்கினானா? வெறும் கையால் கண்ணியைப் பிடிக்கக் குனிந்தான். லைஃப் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் சேர்ந்து மல்லாந்து விழுந்தோம். கயிறு விறைத்தது. மறுபடி தொய்ந்தது. அதற்கென்ன, அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

விழுந்த இடத்திலிருந்தே வாக்கிடாக்கியை எடுத்தேன். "சார், இந்தக் கயித்த இப்ப விட முடியாது. இழுவைப் படகுங்கள அப்படியே நிறுத்தி வைங்க."

"யார்கிட்ட பேசற தெரியுதா?"

"தெரியுது சார். கப்பல் உங்க பொறுப்பு. கரை எம் பொறுப்பு. கரையில இருக்கிற ஆளுங்களும் எம் பொறுப்பு."

 அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்த முறைதான். காலிக் கப்பலிலிருந்து இன்னொரு கயிறு வாங்கி அடுத்த பொல்லார்டில் மாட்டி, அதை இறுக்கி, கப்பல் அதில் நின்ற பிறகு இந்தக் கயிற்றைத் தளர்த்தச் சொல்லி எடுக்க வேண்டும். சொன்னால் ஒரு வரி. ஆனால் காலிக் கப்பலில் கட்டி முடித்த கையோடு அத்தனை பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மேலே ஒரே ஒரு வாட்ச்மேன். அவனுக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. கையை ஆட்டினால் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறான். எனக்கு வந்த எரிச்சலில் ஏணி வழியாக ஏறிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறைக் கதவைத் தட்டினேன். அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட் தேடி, மேலதிகாரியைக் கேட்டு, அவர் கேப்டனைக் கேட்டு, ஆடி அசைந்து வந்தார்கள். கீழே கப்பல் கம்பெனி ஏஜென்ட் திட்டினார். இழுவைப் படகுக்காரர் திட்டினார். திட்டாதவன் ஏழுமலை ஒருவன்தான். அவன் கரை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அடித்தது, அவன் எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து கயிறு கழன்றபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. கப்பல் எப்படியோ தப்பித்து வெளியே போய்ச் சேர்ந்தது. மதிய ரயில் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஆபீசிலிருந்து எனக்கு மெமோ வந்தது. கப்பலைத் தாமதம் செய்ததற்கு அல்ல. துறைமுகத்தின் சொத்தாகிய கடப்பாரையைக் கடலில் எறிந்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். "ஆளைக் கொடுப்பதற்குப் பதில் கடப்பாரையைக் கொடுத்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அன்று அவனை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. கயிறு அறுந்து நான் சொன்னதுதான் சரி என்று காட்டியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். கயிறு அறுபடவில்லை, ஒரு இழைகூடப் பிரியவில்லை. அவன் உருவி எடுத்து, ரயிலையும் பிடித்து, மொட்டையும் போட்டிருக்கலாம். நம் வேலையில் உள்ள பெரிய பேஜாரு இதுதான். நிறுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்றால், பிறகு எதற்கய்யா நிறுத்தினாய் என்றுதான் ஊர் கேட்கும். நடக்காத விபத்துக்குச் சாட்சி சொல்ல எவனும் வரமாட்டான். நாளைக்கு நீங்கள் ஃபோர்மன் ஆவீர்கள். அப்போது பாராட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், கிடைக்காது.

அன்று மாலை வண்டியில் ஏழுமலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தான். காதர் பாய் டீ வாங்கி நீட்டினார், வேண்டாம் என்றான். திண்டிவனத்தில் இறங்கி நான் என் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனசு கேட்காமல் அவன் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான்.

மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் கூரைவரை கூட்டத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தன. செல்வி தேங்காய்ப் பையோடு கடை வாசலில் நின்றிருந்தாள். புதுப் பாவாடையில் குழந்தை, தலை நிறைய முடி, முடி நிறையப் பூ. தாய்மாமன் இல்லை. இத்தனை நேரமும் காத்திருந்துவிட்டு, குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறிவிட்டான்.

"அண்ணே, நீங்கதான் உடலையாமே?" என்று ஆரம்பித்தாள். "ஊர்க்காரரு, பெரிய மனுசன்னு நெனச்சேன். ரெண்டு வருசம் எம் புள்ள எந்த மடியில ஒக்காரும்? இந்தாளு போன்ல அஞ்சு நிமிசத்துல முடிச்சிருப்பேன்றாரு. அந்த அஞ்சு நிமிசம் உடறதுக்கு இன்னா உங்களுக்கு? உங்க வூட்டுக் காரியம்னா இப்படிப் பண்ணியிருப்பீங்களா?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. என் மச்சான் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றதையும் பார்த்தேன். மானம் போயிற்று. "இல்லம்மா" என்று தொடங்கினேன். மேலே என்ன சொல்வது? உன் புருஷனுக்கு நடக்காமல் போன விபத்தைச் சொல்லி எப்படி உன்னைச் சமாதானம் செய்வேன்?

அதுவரை செல்வியின் பின்னால் நின்ற ஏழுமலைக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. குழந்தையை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"எத்தினி வருசமா இந்த வேலையில இருக்கேன்? எனுக்குத் தெரியாதா எப்ப எடுக்கணும்னு? இதோ, இந்தக் கையாலதாண்ணே, ஒரே இழுப்பு! உருவி எறிஞ்சிருப்பேன்!" வலது கையை விரித்து என் மூக்குக்கு நேராக நீட்டி ஆட்டினான்.

எனக்குக் கோபம் தலைக்கேறி இருந்தது. அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. கண்முன்னால் ஆடிய அந்தக் கையைப் பார்த்தேன். விரல் அஞ்சும் இருந்தது.

"ஆமாம்பா. எறிஞ்சிருப்ப" என்றேன்.